கண் தெரியும் வரை: அவலாஞ்சி மீன் பொரிப்பகத்தில் ஒரு நாள்

சென்ற ஜனவரி மாதத்தின் விடுமுறை நாளொன்றில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் ஐவர் நீலகிரியிலுள்ள அவலாஞ்சிக்குச் சென்று வந்தோம். இருவர் மருத்துவர்கள், மூவர் செவிலியர்கள். அங்கே செல்வோர் பெரும்பாலும் ஏரியையும் சோலைக்காட்டையும் காணச் செல்வர். நாங்கள் சென்றது மீன் முட்டைகளைக் காண. மருத்துவமனை இதழில் மீன் முட்டைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அதற்கு விடை சொல்ல, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவின் வாயிலில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு

கருவுற்ற 28-ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை அது. எடை ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவியின் துணையால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்குபேட்டரின் மேல் துணி போர்த்தி, விளக்கைத் தணித்து வைத்திருந்தோம். உடை மாற்றுதல், வெப்பம் பார்த்தல், மருந்து கொடுத்தல் எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றாகச் செய்து முடித்துவிட்டு விலகிக்கொள்வோம். இடைப்பட்ட நேரத்தில் குழந்தையை யாரும் தொடுவதில்லை.

இளைஞரான தந்தை மூன்று நாட்களாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு, வாசலில் ஓர் ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டு எங்களிடம் வந்தார். "எப்போது பார்த்தாலும் பிள்ளை பக்கத்தில் ஒருவரும் இல்லை. சும்மாவே விட்டிருக்கிறீர்கள். நாங்கள் வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறோம்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது.

நாங்கள் மூளைக்குள் இரத்தக்கசிவு என்றோம். அபாய விழுக்காடு என்றோம். அன்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியானதே. ஆயினும் ஒன்றுகூட அவரைச் சென்று சேரவில்லை. முதல் நாளிலேயே அமர வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை, ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகு நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போது தாழ்வாரத்து நீள்இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், அந்தத் தந்தையின் மாமனார், மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, முட்டைக்குக் கண்ணு தெரியற வரைக்கும் தட்டை அசைக்கக் கூடாது. அசைச்சா நல்ல முட்டையும் செத்துப் போயிரும். நம்ம பிள்ளைக்கு இன்னும் கண்ணு தெரியலை. நாலு நாள் பொறுங்க."

தந்தை சிறிது நேரம் நின்றார். பிறகு அவர் அருகில் சென்று அமர்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வெறுமையாகத் திரும்பியது.

பெரியவர் சொன்னது எங்களுக்கு விளங்கவில்லை. எங்களுள் ஒருவர், பேத்திக்குப் பார்வையில்லை என்று அவர் தவறாக எண்ணிவிட்டார் போலும் என்று கருதி, "கண்ணைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம் ஐயா, உரிய காலத்தில் பரிசோதிப்போம்" என்று ஆறுதல் கூறினார். பெரியவர் சிரித்தார். தாம் அவலாஞ்சி டிரவுட் மீன் பொரிப்பகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்றார். "ஒரு நாள் நேர்ல வந்து பாருங்க டாக்டரம்மா. சொன்னா வெளங்காது" என்றும் சொன்னார்.

அந்த அழைப்பை ஏற்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

கடல் கடந்து வந்த மீன்

உதகையிலிருந்து அவலாஞ்சி ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. எமரால்டைக் கடந்ததும் காய்கறித் தோட்டங்களும் தேயிலையும் விலகிச் சோலைக்காடு தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த ஒரு பெரும் நிலச்சரிவே இவ்விடத்துக்கு இந்த ஆங்கிலப் பெயரைத் தந்தது என்பர். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானதால் நாடெங்கும் பேசப்பட்ட ஊரும் இதுதான். நாங்கள் சென்ற காலையில் மழையில்லை. புல்லின் மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. பெரியவர் கம்பளிக் குல்லாயுடன் எங்களுக்காகக் காத்திருந்தார். உரியவர்களிடம் அனுமதியையும் அவரே பெற்று வைத்திருந்தார்.

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. வானவில் டிரவுட் எனப்படும் வகையின் தாயகம், பசிபிக் பெருங்கடலில் கலக்கும் குளிர்ந்த ஆறுகள். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இதை நீலகிரிக்குக் கொண்டுவர முதலில் முயன்றவர் ஒரு மருத்துவர் என்பது எங்களுக்குப் புதுச்செய்தி. சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்து, பின்னர் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1860-களில் முயன்றார். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1907-இல் எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே வானவில் டிரவுட் இம்மலையின் நீரோடைகளில் நிலைபெற்றது.

இம்மீனுக்குக் குளிர்ந்த நீர் ஏன் தேவை என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் எளிதில் புரிந்துகொண்டோம். தண்ணீர் குளிரக் குளிர அதில் கரையும் ஆக்சிஜன் கூடும். கடல் மட்டத்தில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 10 டிகிரியில் அது 11 மில்லிகிராமைத் தாண்டும். டிரவுட் அதிக ஆக்சிஜனை வேண்டும் மீன். சமவெளிக் குளத்தில் கெண்டை வாழும், டிரவுட் வாழாது.

சும்மா இருக்கும் வேலை

குளிர்காலமே இவற்றின் இனப்பெருக்கக் காலம். ஊழியர் ஒருவர் தாய் மீனை ஈரத்துணியில் பற்றி, வயிற்றை வால் பக்கமாக மெல்ல நீவினார். ஆரஞ்சு நிற முட்டைகள் உலர்ந்த வட்டிலில் சொரிந்தன. ஒவ்வொன்றும் மிளகின் அளவு. பிறகு ஆண் மீனின் விந்துநீரைச் சேர்த்து, பறவை இறகு ஒன்றால் கலந்தார். அதன் பின்னரே தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பட்டால் மீனின் விந்தணு ஒரு நிமிட நேரமும் நீந்தாது. ஆகவேதான் இந்த உலர் முறை. கருவுற்ற முட்டைகள் நீரை உறிஞ்சி இறுகும் வரை வட்டிலை ஓரமாக வைத்துவிட்டார்.

முட்டைகள் வளரும் அறை இருண்டிருந்தது. நீண்ட தொட்டிகளில் தட்டுகள் அடுக்கப்பட்டு, ஒரு முனையில் புகும் ஓடை நீர் எல்லாத் தட்டுகளின் ஊடாகவும் தவழ்ந்து மறுமுனையில் வெளியேறியது. தொட்டிகளுக்கு மூடி உண்டு. வெளிச்சம் இளம் முட்டைகளுக்கு ஆகாது. பெரியவர் ஒரு மூடியைச் சாண் அளவு தூக்கினார். எண்ணி ஐந்து நொடிகளுக்குள் மூடிவிட்டார்.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. கருவுற்ற முதல் இரண்டு நாட்களுக்குள் முட்டைகளை மெதுவாக இடம் மாற்றலாம். அதற்குப் பின், கருவின் கண்கள் ஓட்டினூடே இரண்டு கரும்புள்ளிகளாகத் தென்படும் வரை அவற்றை அசைக்கவே கூடாது. தட்டைச் சற்று வேகமாக வைத்தாலும் கரு சிதைந்துவிடும். நீரின் வெப்பம் 10 டிகிரியானால் கண் தெரிய இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாகும். பொரிய ஏறக்குறைய ஒரு மாதம். 7 டிகிரியானால் பொரிய ஒன்றரை மாதம் ஆகும். வெப்பத்தையும் நாட்களையும் பெருக்கிக் கணக்குப் பார்த்தால் பொரியும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். விரைவுபடுத்த வழியில்லை.

"அதுவரை உங்களுக்கு வேலையே இல்லையா ஐயா?" என்று எங்கள் மூத்த செவிலியர் கேட்டார்.

"சும்மா இருக்கறதுதான் பெரிய வேலை சிஸ்டரம்மா" என்றார் பெரியவர். மழைக்காலத்தில் ஓடை கலங்கிச் சேறு வரும். முட்டையின் மேல் சேறு படிந்தால் அது மூச்சுமுட்டி இறந்துபோகும். காற்றடித்தால் இலைச்சருகு வந்து நீர்வழியை அடைக்கும். நீரோட்டம் நின்றால் விடிவதற்குள் எல்லாம் போய்விடும். அத்தகைய இரவுகளில் அவர் நீர்வழியருகே சாக்கை விரித்து அமர்ந்து, விடிய விடியச் சருகை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பாராம். முட்டையைத் தொடுவதில்லை. வெப்பமானியைப் பார்ப்பது, நீரின் ஒலியைக் கேட்பது, சருகை எடுப்பது. இவ்வளவுதான் வேலை.

எங்கள் செவிலியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர் விவரித்தது அவர்களுடைய இரவுப்பணியை.

கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்தத் தந்தைக்கு நாங்கள் சொல்லத் தவறியதும் இதுவே. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தையின் மூளைக்குள் இருக்கும் இரத்த நாளங்கள் நூலினும் மெல்லியவை. அவற்றில் கசிவு ஏற்படுமாயின், பெரும்பாலும் பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே ஏற்படும். தூக்குவது, புரட்டுவது, ஊர்தியில் குலுங்குவது, திடீரென்ற ஓசை ஆகியன குழந்தையின் இரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும். அதனால்தான் அந்த மூன்று நாட்களில் நாங்கள் கையைக் கட்டிக்கொள்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொள்வதில்லை. குழந்தையின் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் ஒவ்வொன்றும் இடையறாமல் கண்காணிக்கப்படுகின்றன.

ஆக்சிஜனும் அளவோடு கொடுக்க வேண்டிய மருந்தே. 1940-களிலும் 1950-களிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு அதைத் தாராளமாக அளித்ததால், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையை இழந்தனர். நல்லதுதானே என்று கூட்டிக் கொடுத்ததன் விலை அது.

வெளுத்த முட்டைகள்

அடுத்த தொட்டியில் இருந்தவை கண் தெரிந்த முட்டைகள். ஒவ்வொன்றினுள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. சில முட்டைகளுக்குள் கரு திரும்பிப் படுப்பதையும் கண்டோம். இதுவரை அசைக்கவே கூடாது என்று சொன்ன பெரியவர், இப்போது ஒரு தட்டு முட்டைகளை வேண்டுமென்றே சற்று உயரத்திலிருந்து வேறொரு நீர்த்தொட்டியில் கவிழ்க்கச் சொன்னார். நாங்கள் திடுக்கிட்டோம். வலுவுள்ள முட்டை இந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கருவுறாததும் நலிந்ததும் மறுநாளுக்குள் வெளுத்துவிடும். வெளுத்ததை அகற்றாவிட்டால் அதன் மேல் பஞ்சுபோலப் பூஞ்சை படர்ந்து அண்டையிலுள்ள நல்ல முட்டைகளையும் பற்றிக்கொள்ளும். எனவே தட்டிப் பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். கண் தெரிந்த முட்டை ஈரமும் குளிரும் குறையாமல் பொதிந்து வைத்தால் தொலைதூரப் பயணத்தையும் தாங்கும்; நாடு விட்டு நாடு செல்வதும் உண்டு.

முந்தைய நாள் தட்டிய தட்டில் வெளுத்துப்போன முட்டைகளை ஓர் ஊழியர் இடுக்கியால் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொண்டார். அது அன்றாட வேலை, அவர் முகத்தில் வருத்தமேதும் இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. ஆனால் எங்களுடன் வந்த இளைய செவிலியர் அந்தக் கிண்ணத்தைக் காண மாட்டாமல் வெளியே சென்றுவிட்டார். அதற்கு முந்தைய வாரம், அவர் பதினோரு நாட்கள் பார்த்துக்கொண்ட குழந்தை ஒன்று எங்கள் கைகளிலேயே இறந்திருந்தது.

சிறிது நேரம் கழித்துப் பெரியவர் தாமே வெளியே சென்று அவரருகில் நின்றார். "இங்க ஆயிரத்துக்குக் கணக்கு சாமி. உங்க இடத்துல ஒண்ணொண்ணுக்கும் கணக்கு. ரெண்டும் ஒண்ணில்லே" என்றார்.

எங்களுக்கு அன்று கிடைத்த இரண்டாவது பாடம் இது. பொறுமையை இந்தப் பொரிப்பகத்திடமிருந்து கற்கலாம். அதற்கு மேல் ஒப்பிடலாகாது. அங்கே நலிந்ததை விலக்கி வலியதைக் காப்பார்கள். எங்கள் பிரிவில் நலிந்ததற்குத்தான் முதலிடம். இறந்த குழந்தையும் எங்கள் பதிவேட்டில் எண்ணாக மறைந்துவிடுவதில்லை. எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை என்பதை இவ்விதழின் வாசகர்களுள் சிலர் தம் வாழ்விலேயே அறிவர். அவர்கள் குழந்தையை நாங்களும் மறக்கவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்ள விரும்புகிறோம்.

தொடவேண்டிய நேரம்

பொரிப்பகத்துக்கும் எங்கள் பிரிவுக்கும் உள்ள உறவு கற்பனையன்று. பாரிஸ் நகரில் ஸ்தெஃபான் தார்னியே என்னும் மகப்பேறு மருத்துவர், உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, அதுபோன்ற ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்காக அமைக்கச் செய்தார். 1880-களின் தொடக்கத்தில் அங்குள்ள மகப்பேறு மருத்துவமனையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய இன்குபேட்டரின் முன்னோடிகளுள் அது முதன்மையானது.

ஆனால் பெட்டி மட்டும் போதாது என்பதை உலகம் ஒரு நூற்றாண்டு கழித்து உணர்ந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமையால், மருத்துவர் எட்கர் ரே, குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டி வைக்கச் செய்தார். கங்காரு பராமரிப்பு எனப்படும் இம்முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்தவுடனேயே தொடங்கப் பரிந்துரைத்தது. ஒரு நாளில் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை. மிகவும் நலிந்த குழந்தைக்கு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மீன் முட்டைக்குத் தாயின் தொடுகை வேண்டியதில்லை. நம் குழந்தைக்கு அது மருந்து.

பெற்றோர் கவனத்துக்கு

அவலாஞ்சியிலிருந்து திரும்பிய பின் எங்கள் பிரிவில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். குழந்தை சேர்க்கப்பட்ட முதல் நாளிலேயே பெற்றோரையும் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அமர வைத்து, என்ன செய்கிறோம், எதை ஏன் செய்யாமலிருக்கிறோம் என்று இரண்டையும் சொல்கிறோம். வீட்டில் இருப்போரும் அறிந்திருக்க வேண்டியவை சில.

குறைமாதப் பேறு நிகழக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தால், தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் பேறுக்கு முன்னரே சென்றுவிடுங்கள். குழந்தையை இடம் மாற்ற ஏற்ற இன்குபேட்டர் தாயின் கருப்பையே. பிறந்த பிறகு மாற்ற நேர்ந்தால், அதற்கான ஏற்பாடுகளோடு மருத்துவக்குழுவே மாற்றட்டும்.

பொரித்த டிரவுட் குஞ்சின் வயிற்றில் இரண்டு மூன்று வாரங்களுக்குப் போதுமான மஞ்சள் கருப் பை தொங்கும். அதுவரை அதற்கு இரை போடுவதில்லை. நம் குழந்தைக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. ஆகவே முதலில் இரத்த நாளம் வழியே ஊட்டம் தருகிறோம். தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி நாள்தோறும் கூட்டுகிறோம். முதிராத குடலுக்கு அவசரம் ஆகாது. தாய்மார்கள் முதல் நாளிலிருந்தே பாலைப் பீய்ச்சித் தாருங்கள். சில துளிகளானாலும் அவை வீணல்ல.

உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வீடு சென்ற பிறகு குழந்தையின் அக்குள் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். 34 வாரத்துக்கு முன்னரோ 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் நடைபெற வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். தவழ்வது, நடப்பது போன்ற வளர்ச்சிகளைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுங்கள்.

இவை அனைத்துக்கும் மேலாக, ஐயம் எழுந்தால் கேளுங்கள். "ஏன் சும்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்பதில் தவறே இல்லை. அதற்கு விடை சொல்வதும் எங்கள் மருத்துவத்தின் ஒரு பகுதி.

அன்று மாலை விடைபெறும் முன், பெரிய மீன்கள் வளரும் வெளித்தொட்டியருகே நின்றோம். பெரியவரின் மகளும் மருமகனும் குழந்தையை அழைத்து வந்திருந்தனர். தந்தை எங்களைக் கண்டதும் சற்றுக் கூச்சத்துடன் வணங்கினார். நாங்களும் வணங்கினோம். இரண்டு வயதுப் பேத்தி தாத்தாவின் விரலைப் பிடித்தபடி வந்து, ஒரு பிடி தீவனத்தை அள்ளித் தண்ணீரில் எறிந்தாள். மீன்கள் கூட்டமாகத் துள்ளின. தெறித்த குளிர்நீரில் அவள் வீறிட்டாள், பிறகு சிரித்தாள். இன்னும் ஒரு பிடி வேண்டுமென்று கையை நீட்டினாள்.